பிரதி எடுக்கத் தடை

யூட் பிரதீபன் கொண்டுவந்த கட்டு
ஏற்கெனவே நாலாம் பிரதி.
கொழும்பில் முப்பத்தெட்டாயிரம் கட்டிப் படித்தவன்
அறைக்கூட்டாளிக்குக் கொடுத்தது,
அவன் பேசாலையில் ஒருத்தனுக்கு,
பேசாலைக்காரன் பஸ்சில் போட்டுவிட்டது.
அறுநூற்று நாற்பது வினாக்கள்.
“கப்பலில் அதிகாரியாய் ஏற
இதுக்குள்ள இருந்துதான் வரும் அண்ணை,
இருக்கிறவன் பாஸ், இல்லாதவன் பெயில்.”

ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே
சாம்பல் எழுத்தில்: பிரதி எடுக்கத் தடை.
என்னுடைய மெஷின் பழையது,
சாம்பலைக் கறுப்பாக்கிவிடும்.
எடுக்க எடுக்க அந்தத் தடை தடித்து
சி என்ற தெரிவின்மேல் படுத்துவிட்டது.
ஏ தெரியும். பி தெரியும். டி தெரியும்.
சி-யில் என்ன இருக்கிறதென்று
புதுக்குடியிருப்பில் ஒருவருக்கும் தெரியாது.

பக்கம் எட்டு ரூபா, அவனுக்கு ஐந்து.
கரண்ட் நின்ற நேரங்களில்
கவுண்டரில் சாய்ந்து தமிழாக்கிச் சொல்லுவான்.
வரிசையில் நிற்கிறவர்கள் சும்மா இருப்பார்களா?

பச்சைக்குக் கீழே வெள்ளை விளக்கு,
அது எந்தவகைக் கலம்?
“இழுவைப்படகு” என்றான் யூட்.
“எங்கட வலையில ஏறேக்க
அவங்கள் ஒரு விளக்கும் போடுறேல்லையே,
அதுக்கு ஏ-யா பி-யா?”
அமலசீலனுக்கு மானியப் படிவம் மறந்துபோயிற்று.

உன் வலப்பக்கமாய் ஒரு கலம் குறுக்கிட்டால்
வழிவிடவேண்டியது யார்?
“நேவி எண்டால்
எந்தப் பக்கமெண்டாலும் நாங்கள்தான்.”
எல்லோரும் சிரித்தோம்.
யூட் மட்டும் சிரிக்கவில்லை,
சோதனையில் அப்படி எழுதினால்
மதிப்பெண் போய்விடும் என்று பயந்தவன்போல.

இருநூற்றுப் பன்னிரண்டு:
ஆபத்துச் சமிக்ஞை எது?
ஏ, செம்மஞ்சள் புகை.
பி, தார்ப்பீப்பாயை எரித்தல்.
டி, மேற்கூறிய யாவும்.
விடை டி என்றிருந்தது.
ஆகவே சி-யும் சரிதான்,
ஆனால் சி என்ன?

வெடி என்றார் ஒருவர். விசில் என்றார் ஒருவர்.
காணி அனுமதிப்பத்திரத்தை நெஞ்சோடு பிடித்தபடி
பின்னால் நின்ற மரியதெரசம்மா
“கை காட்டுறது” என்றா.
அதெல்லாம் போடமாட்டாங்கள் அன்ரி,
இது சர்வதேசச் சோதனை என்றான் யூட்.

மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து
யாரோ அசல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார்கள்.
சி: இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து
மெதுவாக, மீண்டும் மீண்டும்
உயர்த்தித் தாழ்த்துதல்.

அவ வந்தபோது வாசித்துக் காட்டினான்.
“மெதுவா எண்டே போட்டிருக்கு?”
ஓம், என்றான்.
“நாங்கள் கெதியா எல்லே ஆட்டினனாங்கள்.
கப்பல் தூரத்தில நிண்டது.
கரை முழுக்க.
மெதுவா ஆட்டோணும் எண்டு
ஆருக்குத் தெரியும்?”

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.
அந்த ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு வாங்கி
எட்டு ரூபாயைச் சில்லறையாய் எண்ணி வைத்தா.
வேண்டாம் என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

அன்றிரவு யூட் தட்டச்சு செய்யத் தொடங்கினான்.
குறுக்கே எழுத்தில்லாமல்,
ஆங்கிலம் மேலே, தமிழ் கீழே.
தெரியாத சி-களுக்கு வெற்றுக்கோடு,
தெரிந்தவர் நிரப்பலாம்.
பதினொரு நாள் பிடித்தது.
சோதனைக் கட்டணத்துக்குச் சேர்த்த காசில்
டோனர் வாங்கினான், மடையன்.

கட்டி முடித்துப் பொது நூலகத்துக்குக் கொண்டுபோனோம்.
நூலகர் நல்லவர்தான்.
ஆசிரியர் பெயர் கேட்டார்,
பதிப்பகம் கேட்டார்,
இதெல்லாம் வெளியில் விடலாமா என்று
குரலைத் தாழ்த்திக் கேட்டார்.
விலைக்கட்டத்தை வெறுமையாய் விட்டால்
கணினி ஏற்காதாம்.
பூச்சியம் போட்டோம்.

கதிரையில் இருந்து எழும்புவதற்குள்
ரியூசன் பையோடு ஒரு பெட்டை
அட்டையைப் புரட்டிப் பார்த்தாள்.
“இது பெடியளுக்கு மட்டுமோ?”
இல்லை என்றோம் மூன்று பேரும்
ஒரே நேரத்தில், கொஞ்சம் சத்தமாய்.
கையெழுத்துப் போட்டாள்.
திகதி போடவில்லை.
நூலகர் கூப்பிடக் கூப்பிட
சைக்கிளில் ஏறிவிட்டாள்.